சாய்ந்து வந்த கல், வட்டமாய் விழுந்த குழி

போன மாதம் எங்கள் மாலை வகுப்பில் ஒரு டின் மைலோவும் இரண்டு கிலோ கோதுமை மாவும் செலவாயின. யாரும் குடிக்கவில்லை, ரொட்டியும் சுடவில்லை. நிலாவில் எப்படிக் குழி விழுந்தது என்று பார்ப்பதற்காகத்தான் அவ்வளவும்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். ஊரைச் சுற்றிலும் செம்பனை, அங்கங்கே வெட்டாமல் விட்ட பால்மரங்கள், அவற்றுக்கு அப்பால் சுண்ணாம்பு மலைகள். சாயங்கால மழை விட்டு மேகம் கலைந்தால் லயத்து வாசலிலிருந்தே நிலாவை நன்றாகப் பார்க்கலாம். அதில் கறுப்புக் கறுப்பாகத் தெரிவது என்ன என்று ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் கேட்டேன். “பாட்டி வடை சுடுறாங்க டீச்சர்” என்றார்கள் பாதிப் பேர். பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளைகளோடு மூன்கேக் பண்டிகைக்கு விளக்குப் பிடித்துப் போனவர்கள் “முயல்” என்றார்கள். கடைசி வரிசைப் பையன் ஒருவன் மட்டும், “குழி டீச்சர். கல்லு விழுந்து ஆன குழி” என்றான்.

நிலாவில் குழியும் உண்டு, கறுப்புத் திட்டும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. திட்டுக்குப் பிறகு வருகிறேன். பையன் சொன்னது சரி, நிலாக் குழிகள் கல் விழுந்து ஆனவைதான். ஆனால் “கல் விழுந்தது” என்றதும் நம் மனத்தில் வரும் படம் இருக்கிறதே, அது சரியில்லை. இந்தக் கட்டுரை அந்தப் படத்தை மாற்றத்தான்.

நம் மனத்தில் வருவது செம்பனைக் குலை. 12 மீட்டர் உயர மரத்திலிருந்து அறுத்து விட்ட குலை, தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. எடை 20 கிலோ இருக்கும். மழை பெய்த மண்ணில் தொம்மென்று விழுந்தால் ஒரு பள்ளம். குலையைத் தூக்கிப் பார்த்தால் முள் குத்திய தடம்கூட அப்படியே பதிந்திருக்கும். நேராக விழுந்தால் பள்ளம் ஒரு மாதிரி, சாய்ந்து உருண்டால் வேறு மாதிரி நீண்டு கிடக்கும். விழுந்த பொருளின் அச்சுதான் அந்தப் பள்ளம். நிலாக் குழி இப்படிப்பட்ட அச்சு இல்லை. அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

செய்தது இதுதான். விளிம்பு உயர்ந்த ஒரு பெரிய தட்டில் நான்கு விரல் உயரத்துக்குக் கோதுமை மாவைக் கொட்டி, தட்டித் தட்டிச் சமமாக்கினோம். மேலே வெள்ளை தெரியாத அளவுக்கு மைலோ தூளைத் தூவினோம். தரையில் பழைய செய்தித்தாள். பிறகு ஒவ்வொருவராக நாற்காலியில் ஏறி நின்று கோலிக்குண்டைப் போட்டார்கள். வீட்டில் செய்து பார்ப்பவர்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மாவு எதிர்பாராத தூரத்துக்குத் தெறிக்கும்.

முதல் கோலி விழுந்ததுமே வகுப்பு அமைதியாகிவிட்டது. தட்டில் நிலா இருந்தது. நடுவே கிண்ணம் போன்ற குழி, அதைச் சுற்றி மேடாக ஒரு விளிம்பு, விளிம்புக்கு வெளியே பழுப்பு மைலோவின் மேல் வெள்ளை மாவு கோடு கோடாகத் தெறித்து நான்கு பக்கமும் ஓடியிருந்தது. அடியில் இருந்தது மேலே வந்து விழுந்துவிட்டது. நிலாவிலும் இதேதான். பௌர்ணமியன்று பைனாகுலரில் பாருங்கள். நிலாவின் தென்பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளியும், அங்கிருந்து உரித்த ஆரஞ்சுப் பழத்தின் நரம்புகள் போல நாலா திசையிலும் ஓடும் வெள்ளைக் கோடுகளும் தெரியும். அந்தப் புள்ளிக்கு டைக்கோ என்று பெயர். 85 கிலோமீட்டர் அகலம். அதன் கோடுகளில் சில 1,000 கிலோமீட்டரையும் தாண்டிப் போகின்றன. சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆனது, நிலாவின் கணக்கில் இது புதுக் குழி. (பள்ளியில் மில்லியன் என்று படிப்பீர்கள், 10 மில்லியன் சேர்ந்தால் ஒரு கோடி.) பழைய குழிகளின் கோடுகள் காலப்போக்கில் மங்கி மண்ணோடு மண்ணாகிவிட்டன.

கோலியைக் கொஞ்சம் உயரத்திலிருந்து போட்டால் குழி பெரிதாகிறது, தாழ்வாகப் போட்டால் சிறிதாகிறது என்பதையும் பிள்ளைகள் கவனித்தார்கள். கோலி அதே கோலி. மாறியது வேகம்.

அடுத்து இரண்டு பேர் இரண்டு கேள்வி கேட்டார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் அவற்றுக்குத்தான் முதலிடம்.

ஒருவன் மாவுக்குள் விரலை விட்டுக் கோலியை எடுத்தபடி, “நிலாவில குழிக்குள்ள கல்லு இருக்குமா டீச்சர்? படத்துல ஒண்ணும் காணோமே” என்றான்.

இன்னொருத்தி கையைச் சாய்த்துக் கோலியை வீசி எறிந்துவிட்டு, நீளமாகக் கிழிந்த மாவைக் காட்டி, “சாஞ்சு விழுந்தா குழி நீட்டமா வருது. வானத்துலேருந்து எல்லாக் கல்லும் நேராவா விழும்? அப்புறம் எப்படி நிலாவில எல்லாக் குழியும் வட்டமா இருக்கு?” என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு அப்போது தெரியாது, அதே கேள்வி பெரிய பெரிய அறிவாளிகளைத் திணற வைத்த கேள்வி என்று. கொஞ்சம் பின்னால் போய் வருவோம்.

1609-இல் இத்தாலியில் கலிலியோ தம் தொலைநோக்கியை நிலாப் பக்கம் திருப்பினார். நிலா வழவழப்பான உருண்டை என்று நம்பியிருந்த காலம். அவர் கண்டதோ மேடும் பள்ளமும். பள்ளம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. 1665-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்ற அறிவியலாளர் நம் வகுப்பில் செய்தது போலவே ஒரு சோதனை செய்தார். ஈரக் களிமண்ணில் குண்டுகளைப் போட்டுப் பார்த்தார், குழி விழுந்தது. இன்னொரு பக்கம் அலபாஸ்டர் என்ற வெள்ளைக் கல்லின் மாவைச் சூடாக்கிக் கொதிக்க வைத்தார். கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது மேலே குமிழ் வந்து உடைந்து வட்டம் வட்டமாகத் தடம் விழுமே, அதுபோல அதிலும் குழி விழுந்தது. இரண்டில் எது நிலாவில் நடந்தது? அத்தனை கற்கள் வானத்தில் எங்கிருந்து வரும் என்று அவருக்குப் புரியவில்லை. ஆகவே கொதித்துத்தான் வந்திருக்கும் என்று முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் முதலாவதே 1801-இல்தான் கண்ணில் பட்டது. இப்படியாக, நிலாக் குழிகள் எரிமலை வாய்கள் என்ற எண்ணம் 200 ஆண்டுக்கு மேல் உட்கார்ந்துவிட்டது.

1890-களில் அமெரிக்கப் புவியியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட், மோதல்தான் காரணம் என்று வாதாடினார். அவரையும் மடக்கியது நம் பெண் கேட்ட அதே கேள்வி. சோதனை செய்து பார்த்தால் சாய்வாக விழுந்தவை நீண்ட குழிகளை உண்டாக்கின. நிலாவிலோ எங்கே பார்த்தாலும் வட்டம். இதற்குச் சமாதானம் தேடி, பூமியைச் சுற்றி முன்பு குட்டி நிலாக்கள் வளையமாக இருந்தன, அவைதான் நிலாவின் மேல் விழுந்தன என்று ஒரு கதையே கட்ட வேண்டியதாயிற்று அவருக்கு.

விடையைத் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர், 1924-இல், நியூசிலாந்தின் வெல்லிங்டன் நகரில் இருந்த கிஃபோர்ட். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது. அவர் பார்த்தது வேகத்தைத்தான்.

வேகம் என்றால் எவ்வளவு? வடக்கே புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை நெடுஞ்சாலையில் போனால் 770 கிலோமீட்டர் சொச்சம். காரில் ஒரு நாள் போய்விடும். விண்ணிலிருந்து நிலாவில் வந்து மோதும் கல்லின் வேகம் சராசரியாக வினாடிக்கு 20 கிலோமீட்டர். அந்தக் கல்லுக்கு இந்தப் பயணம் 40 வினாடிகூட இல்லை. செம்பனைக் குலையைவிட 1,300 மடங்கு வேகம்.

1,300 மடங்கு வேகமென்றால் அடியும் 1,300 மடங்கு என்று நினைக்காதீர்கள். வேகம் 2 மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் 4 மடங்காகும். 10 மடங்கானால் 100 மடங்கு. 1,300 மடங்கென்றால் 17 லட்சம் மடங்கு. அந்த வேகத்தில் வரும் ஒரு கிலோ கல், தன் எடையைப் போல 50 மடங்கு வெடிமருந்து கொளுத்தியதற்கு ஈடான ஆற்றலோடு வருகிறது. கல்லில் வெடிமருந்து எதுவும் இல்லை. சாதாரணக் கல்தான். வேகமே வெடிமருந்து.

மோதும் கணத்தில் கல் நிலாத் தரைக்குள் ஏறக்குறைய தன் உடம்பளவு ஆழத்துக்குப் புகுந்துவிடுகிறது. அங்கே அதற்குத் திடீரென்று வழியில்லை. அத்தனை ஆற்றலும் கண் இமைப்பதற்குள் இறங்கியாக வேண்டும். கல்லும், அதைத் தொட்ட பாறையும் நசுங்கிச் சூடேறி உருகுகின்றன. ஒரு பங்கு ஆவியாகவே போய்விடுகிறது. அந்த இடத்திலிருந்து ஓர் அதிர்ச்சி அலை பாறைக்குள் எல்லாப் பக்கமும் பாய்கிறது. அலை போன வழியெல்லாம் பாறை நொறுங்கி, தூக்கி எறியப்பட்டு, வெளியே வாரி இறைக்கப்படுகிறது. குழியைத் தோண்டுவது கல் அல்ல, அந்த அலைதான்.

கல் எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உருகியும் ஆவியாகியும் தூளாகியும் சிதறிப் போய்விட்டது.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு மனிதர் தம் வாழ்நாளில் பல ஆண்டுகளைச் செலவிட்டிருக்கிறார். அமெரிக்காவின் அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பெரும் குழி இருக்கிறது. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன் இரும்பு விண்கல் விழுந்து ஆனது. டேனியல் பேரிங்கர் என்ற சுரங்கப் பொறியாளர், இவ்வளவு பெரிய குழிக்குள் எவ்வளவு இரும்பு புதைந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, 1903 முதல் அங்கே துளை போடத் தொடங்கினார். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தேடித் தோண்டிய பரம்பரை நம் ஊர்ப்பக்கத்து ஜனங்கள். தோண்டினால் கிடைக்கும் என்ற நம்பிக்கை நமக்குப் புரியும். அவர் 20 ஆண்டுக்கு மேல் தேடினார், பெரிய இரும்புக் கட்டி அகப்படவே இல்லை. விழுந்த கல் 50 மீட்டர் அளவுதான். அதிலும் பெரும்பங்கு உருகிச் சிதறிவிட்டது. குழி விண்கல்லால்தான் ஆனது என்று அவர் அடித்துச் சொன்னது மட்டும் சரியாக இருந்தது. 1960-இல் புவியியலாளர் யூஜின் ஷூமேக்கரும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்தக் குழியிலிருந்து கோயசைட் என்ற கனிமத்தை எடுத்துக் காட்டினார்கள். சாதாரண மணல்தான், ஆனால் பயங்கர அழுத்தம் பட்டால்தான் அந்த உருவுக்கு மாறும். எரிமலை வாயில் அவ்வளவு அழுத்தம் வராது. பேரிங்கர் சொன்னது அத்தோடு உறுதியானது. அந்த ஷூமேக்கரின் அஸ்தியில் ஒரு சிறு பங்கை 1999-இல் ஒரு விண்கலம் நிலாவுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

அடுத்து வட்டம். நம் ஊரைச் சுற்றியிருக்கும் பழைய ஈயக்குட்டைகளின் கரையில் நின்று கல் எறிந்திருப்பீர்கள் (பெரியவர்கள் துணையில்லாமல் போகாதீர்கள், அவை ஆழமானவை). நேராகக் கல்லைப் போட்டால் அலை வட்டமாகப் போகும். சாய்வாக எறிந்தால்? அப்போதும் வட்டம்தான். கல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைத் தண்ணீர் கேட்பதில்லை. தொட்ட புள்ளியிலிருந்து அலை எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி கிளம்புகிறது. பாறைக்குள் பாயும் அதிர்ச்சி அலையும் அப்படித்தான். மாவில் விழுந்த கோலி மெதுவாக வந்ததால் தன் வழியை உழுதுகொண்டு போயிற்று. விண்கல்லுக்கு உழுவதற்கு நேரமில்லை. புகுந்த இடத்திலேயே வெடித்துவிடுகிறது, வெடித்த இடம்தான் வட்டத்தின் நடு.

ஒரே ஒரு விலக்கு உண்டு. ஓட்டாஞ்சில்லைப் படுக்க வைத்து எறிந்தால் தண்ணீரின் மேல் தத்தித் தத்திப் போகுமே, அதைப் போல மிகமிகத் தாழ்ந்த சாய்வில் உரசிக்கொண்டு வரும் கல் நீண்ட குழியை உண்டாக்கும். நிலாவில் மெசியே என்ற குழி அப்படிப்பட்டது. அதன் பக்கத்தில் துணைக்கு இன்னொரு குழி, அதிலிருந்து ஒரே பக்கமாக இரண்டு வெள்ளைக் கோடுகள் வால் போலப் போகின்றன. கல் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று அங்கே பார்த்தவுடன் சொல்லிவிடலாம். இதைச் சொன்னபோது கேள்வி கேட்ட பெண், “அப்போ நான் சொன்னது பாதி சரி” என்றாள். பாதிக்கு மேலேயே சரி.

சின்னக் கல் என்ன குழி போடும் என்று பார்க்க வேண்டுமா? 2013 மார்ச் 17-ஆம் தேதி நிலாவில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் தோன்றி மறைந்ததை நாசாவின் கருவிகள் பதிவு செய்தன. விழுந்த கல்லின் எடை சுமார் 40 கிலோ, இரண்டு செம்பனைக் குலை. அகலம் அரை மீட்டர்கூட இல்லை. பிறகு நிலாவைச் சுற்றிவரும் விண்கலம் அந்த இடத்தைப் படம் எடுத்தபோது 18 மீட்டர் அகலத்தில் புத்தம் புதுக் குழி ஒன்று இருந்தது. ஒரு பூப்பந்துத் திடலின் நீளமே 13 மீட்டர் சொச்சம்தான்.

சின்னக் குழிகள் கிண்ணம் போலவே நின்றுவிடுகின்றன. அவற்றின் விளிம்பில் ஓர் அழகு உண்டு. வெளியே வாரி எறியப்பட்ட பாறை அடுக்குகள் தோசையைத் திருப்பிப் போட்டது போலத் தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கும், மேலிருந்தது கீழே, கீழிருந்தது மேலே. அரிசோனா குழியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பெரிய குழியின் கதை வேறு. நிலாவில் அகலம் 20 கிலோமீட்டரை நெருங்கும்போது குழியின் சுவர் தன் பாரத்தைத் தானே தாங்க முடியாமல் சரிந்து, படிக்கட்டு படிக்கட்டாக உள்ளே இறங்குகிறது. நடுவில் ஒரு மலை எழும்புகிறது. குழிக்கு நடுவே மலை எப்படி வரும்? மழை நேரத்தில் தகரக் கூரையின் ஓரத்தில் உட்கார்ந்து, கீழே நிறைந்திருக்கும் வாளியைப் பாருங்கள். ஒரு சொட்டு விழும். தண்ணீரில் குழி விழும், சுற்றிலும் ஒரு கிரீடம் போல எழும்பும். உடனே அந்தக் குழியின் நடுவிலிருந்து தண்ணீர் ஒரு சின்னத் தூணாக மேலே துள்ளும். மிக விரைவாக நடப்பதால் பலர் கவனிப்பதே இல்லை. பத்துச் சொட்டு பொறுமையாகப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அழுத்தப்பட்டது எதிர்த்துத் துள்ளுகிறது, அவ்வளவுதான். பெரிய மோதலில் பாறையும் சில நிமிடங்களுக்குத் தண்ணீர் மாதிரியே நடந்துகொள்கிறது. அழுந்திய அடிப்பாறை நடுவில் மேலே துள்ளுகிறது. தண்ணீர்த் தூண் மறுபடி விழுந்துவிடும். பாறைத் தூணோ பாதியில் உறைந்து மலையாக நின்றுவிடுகிறது. டைக்கோவின் நடுவில் நிற்கும் மலை 2 கிலோமீட்டர் உயரம். அந்த மலை நிலாவின் ஆழத்திலிருந்து வந்த பாறை, நாம் தோண்டாமலே மேலே வந்தது. எனக்கு நிலாவில் மிகவும் பிடித்தவை இந்த நடு மலைகள்தாம்.

இனி அந்தக் கறுப்புத் திட்டு. நிலா பிறந்து முதல் 60, 70 கோடி ஆண்டுகளில், சூரியக் குடும்பம் உருவானபோது மிஞ்சிப்போன கற்கள் எங்கும் திரிந்தன. அவற்றில் மிகப் பெரியவை மோதி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குப் பெரும் பள்ளங்களை உண்டாக்கின. நிலாவின் மறுபக்கத்தில் தென்துருவத்தை ஒட்டிக் கிடக்கும் ஒன்று சுமார் 2,500 கிலோமீட்டர், தீபகற்ப மலேசியாவைத் தலை முதல் கால் வரை மூன்று தடவை அடுக்கினாலும் அதற்குள் அடங்கிவிடும். நமக்குத் தெரியும் பக்கத்திலுள்ள பெரும் பள்ளங்கள் பலவற்றில் பிறகு நிலாவின் உள்ளிருந்து எரிமலைக் குழம்பு கசிந்து நிரம்பி உறைந்தது. அது கருநிறப் பாறை. அதைத்தான் நாம் பாட்டி என்கிறோம், முயல் என்கிறோம். எரிமலை என்று சொன்னவர்கள் முழுக்கத் தவறில்லை என்பதற்கு இது சாட்சி: குழியைத் தோண்டியது மோதல், சிலவற்றை நிரப்பியது எரிமலை.

திட்டுகளில் குழிகள் குறைவு, சுற்றியிருக்கும் வெள்ளைப் பகுதியில் குழிமேல் குழி. சிமெண்டு வாசலில் தூறல் போடத் தொடங்கும்போது ஈரப்புள்ளிகளைப் பார்த்தே மழை வந்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்வோம் அல்லவா? அதே கணக்குத்தான். புள்ளி குறைவாக இருந்தால் அந்தத் தரை பின்னால் வந்தது. ஒரு குழியின் விளிம்பை இன்னொரு குழி கடித்திருந்தால் கடித்ததுதான் இளையது. நிலாப் படம் ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, எது அண்ணன், எது தம்பி என்று குறிக்கச் சொன்னேன். ஒருவரும் தப்பு விடவில்லை.

அப்படியானால் பூமியில் ஏன் குழிகளைக் காணோம்? நிலாவுக்கு இத்தனை அடி விழுந்திருந்தால் பக்கத்திலேயே இருக்கும் பெரிய பூமிக்கு இன்னும் கூடவே விழுந்திருக்க வேண்டுமே? விழுந்தது. பொடிக் கற்களைக் காற்று தடுத்து எரித்துவிடுகிறது, எரிநட்சத்திரம் என்று நாம் பார்ப்பது அதைத்தான். ஆனால் பெரியவை வந்து சேர்ந்தன. அவை போட்ட குழிகளை அழித்தது யார் என்று தெரிய வேண்டுமானால் தோட்டத்துச் செம்மண் சாலைக்குப் போங்கள். காலையில் லோரி போன சக்கரத் தடம் சாயங்கால மழைக்குப் பிறகு இருக்கிறதா? ஒரு நாள் மழைக்கே இப்படியென்றால் கோடி ஆண்டு மழை, ஆறு, காற்று, மரவேர், கடல், எரிமலை, நிலத்தட்டுகளின் நகர்வு எல்லாம் சேர்ந்து என்ன செய்யும்? உலகம் முழுவதும் தேடி உறுதிப்படுத்திய விண்கல் குழிகள் 200 அளவுக்குத்தான் இருக்கின்றன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களின் காலத்தை முடித்த கல் மெக்சிகோவில் 180 கிலோமீட்டர் குழி போட்டது. இன்று அதன் மேல் நடந்தால்கூடத் தெரியாது, நம் ஊர் மலைகளைப் போன்ற சுண்ணாம்புப் பாறை மூடிக் கிடக்கிறது.

நமக்கு வெகு பக்கத்திலும் ஒன்று இருக்கலாம். குவால கங்சாரைத் தாண்டி கிரிக் போகும் சாலையில் லெங்கோங் பள்ளத்தாக்கு வரும். 2012-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். அங்கே புக்கிட் புனோவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சூவைட் வகைப் பாறையைக் கண்டதாகச் சொல்கிறார்கள். நொறுங்கிய கல்லும் உருகிய கண்ணாடியும் ஒன்றாக ஒட்டிப்போன பாறை அது, விண்கல் மோதலில் பிறப்பது. 18.3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பது அவர்கள் கணக்கு. போய்ப் பார்த்தால் குழி தெரியாது. மண்ணும் மரமும்தான் தெரியும். இந்த மழை நாட்டில் வேறெப்படி இருக்கும்?

நிலாவில் காற்று இல்லை, மழை இல்லை, ஆறு இல்லை. 1969-இல் அங்கே நடந்தவர்களின் பூட்ஸ் தடம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதை அழிக்க அங்கிருப்பது இன்னொரு கல்தான். காற்று இல்லாததால் மணல் பருக்கை அளவு தூசிகூடத் தடையில்லாமல் வந்து மோதுகிறது. அப்படிக் கோடிக்கணக்கான ஆண்டு இடிபட்டு இடிபட்டுத்தான் நிலாத் தரை மாவாகிக் கிடக்கிறது. 2023 ஆகஸ்டில் சந்திரயான் 3 இறங்கிய பிறகு அதன் ஊர்தி நடைபோகக் கிளம்பியபோது, மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலக் குழி ஒன்று குறுக்கே நின்றது. திரும்பி வேறு வழியில் போகச் சொல்லிப் பூமியிலிருந்து கட்டளை கொடுத்தார்கள். நிலாவில் எங்கே இறங்கினாலும் குழியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனின் பெயரிலும் அங்கே ஒரு குழி உண்டு.

குழிகளைப் பார்க்கப் பௌர்ணமி நல்ல நாள் அல்ல. அன்று நிலாவில் உச்சிவெயில், நிழலே விழாது. கோடுகள் தெரியும், குழிகள் தெரியாது. வளர்பிறையின் அரை நிலா நாள்தான் சரி. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் அங்கே அப்போதுதான் பொழுது விடிகிறது. ஒவ்வொரு மேடும் நீள நிழல் போடும். நம் நாட்டில் அன்று இருட்டத் தொடங்கும் நேரத்தில் நிலா ஏறக்குறைய தலைக்கு மேலேயே இருக்கும். கழுத்து வலிக்காமல் பாயை விரித்துப் படுத்துக்கொள்ளலாம்.

நாங்களும் அப்படித்தான் பள்ளித் திடலில் பாய் விரித்தோம். இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் சிறிய தொலைநோக்கியைக் கொண்டுவந்தார். ஏழரை மணிக்கு மேல் மேகம் விலகியது. வரிசையில் கடைசியாக வந்தாள், வட்டத்தைப் பற்றிக் கேட்டவள். விடியல் கோட்டின் ஓரத்தில் அர்சாகேல் என்ற குழியைக் காட்டினேன், கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர் அகலம். ஸ்பெயினின் தொளேதோ நகரில் வாழ்ந்த அல்-சர்காலி என்ற வானியலாளரின் பெயர் அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“குழிக்குள்ள ஒரே இருட்டு டீச்சர். ஆனா நடுவுல ஒரு புள்ளி மட்டும் வெளிச்சமா இருக்கு.”

“என்னவா இருக்கும்மா?”

கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “வாளியில துள்ளுன தண்ணி.”